அப்பாச்சியின் சுண்ணாம்புக் கரண்டகம்

"காபனீரொட்சைட்டைச் சுண்ணாம்பு நீரினூடாகச் செலுத்தினால் என்ன நிகழும்?" சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "பால்நிறமாகும்" என்று உடனே விடை வரும். "நீ அதைக் கண்ணாற் கண்டிருக்கிறாயா?" என்று அடுத்துக் கேளுங்கள். பிள்ளை பேசாமல் நிற்கும். அதே கொட்டிலின் வாசலில் அப்பாச்சி வெற்றிலைத் தட்டத்தை அருகில் வைத்து, கரண்டகத்துச் சுண்ணாம்பை விரலால் தொட்டு எடுத்துக்கொண்டிருப்பார். பிள்ளை படித்தும் காணாத பொருள் அவருடைய விரல் நுனியில் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று அந்த இருவருக்கும் எவரும் சொல்லவில்லை.

இடம்பெயர்ந்த பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது பெற்றோர் சொல்லும் குறைகளில் இது அடிக்கடி வரும். ஒரு தந்தை சொன்னார்: "பாதர், லாப் இல்லாத பள்ளிக்கூடத்தில சயன்ஸ் படிச்சு என்ன பலன்? இவளை ஆட்சுக்கு விடுவம் எண்டு யோசிக்கிறன்." மகளோ கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் கெட்டிக்காரி. கலைப்பிரிவு தாழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விருப்பமும் திறமையும் உள்ள ஒரு பிள்ளை, கண்ணாடிக் குழாய்கள் அடுக்கிய அலுமாரி ஒன்று இல்லாத காரணத்தினால் வழி மாறுவது நியாயமல்ல.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உயர்தர இரசாயனவியலுக்கு முறையான ஆய்வுகூடம் தேவை. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. போத்தல் மூடியையும் பேணியையும் காட்டி "இது போதுந்தானே" என்று எவராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நான் இங்கே எழுதுவது தரம் 6 முதல் 11 வரையான பிள்ளைகளுக்கு. அவர்களுடைய பாடத்தில் வரும் இரசாயனத்தின் பெரும்பகுதியைச் சமையற் கொட்டிலிலும் கிணற்றடியிலும் தோட்டத்திலும் செய்து பார்க்கலாம்.

இது ஏழைகளுக்கென்று ஒதுக்கிய இரண்டாந்தரக் கல்வி அல்ல. இரண்டாம் உலகப் போரில் பாடசாலைகள் இடிந்து கிடந்த நாடுகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்காக, ஜே. பி. ஸ்ரீபன்சன் என்ற லண்டன் ஆசிரியர் எழுதிய சிறுநூலை 1948இல் யுனெஸ்கோ வெளியிட்டது. கிடைக்கும் பொருட்களைக்கொண்டு கருவிகள் செய்யும் வழிகள் அதில் இருந்தன. அது விரிவாக்கப்பட்டு 1956இல் யுனெஸ்கோவின் விஞ்ஞானக் கற்பித்தல் மூலநூலாக வெளிவந்து உலகெங்கும் பரவியது. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்து 16 கிராமப் பாடசாலைகளில் 1972இல் தொடங்கிய திட்டமும் இவ்வழியிலேயே சென்றது. அங்கே பிள்ளைகள் பரிசோதனை செய்து, தாம் கண்டதைத் தாமே எழுதி, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பரீட்சை எழுதினார்கள். மாநில அரசு 2002இல் அதை நிறுத்தும்வரை 30 ஆண்டுகள் அது நடந்தது. நமது மண்ணிலும் இரசாயனம் தமிழுக்குப் புதியதல்ல. மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் "கெமிஸ்தம்" என்ற நூலைத் தமிழில் வெளியிட்ட ஆண்டு 1875.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியது. மறு ஆண்டில் வன்னியில், ஓலைக் கொட்டிலொன்றில் ஆண்டு 10 படித்த பிள்ளைகளில் நானும் ஒருவன். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அருமை. எங்கள் விஞ்ஞான ஆசிரியர் மரப்பெட்டியொன்றைக் கவிழ்த்து வைத்து, ஒரு கிழவியிடம் வெற்றிலைச் சுண்ணாம்பு இரந்து வந்தார். அன்று அவர் செய்து காட்டியதை முதலில் சொல்கிறேன்.

சுண்ணாம்பு நீர்

ஒரு தேக்கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு போத்தல் நீரில் இட்டு, நன்றாகக் குலுக்கி, மூடி, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்து நிற்பதுதான் சுண்ணாம்பு நீர். அடியில் எவ்வளவோ கரையாமல் கிடக்கும். ஒரு லீற்றர் நீரில் ஒன்றரைக் கிராம் அளவுதான் கரையும் என்பதால் சுண்ணாம்பைக் கூடுதலாகப் போட்டுப் பயனில்லை. தெளிவை மாத்திரம் வேறு போத்தலுக்கு வார்த்து இறுக மூடிவையுங்கள். திறந்து வைத்தால் காற்றே அதைக் கெடுத்துவிடும். எப்படிக் கெடுகிறது, மேலே படியும் ஆடை எது என்று பிள்ளை பின்னர் தானே கண்டுபிடிக்கட்டும்.

ஒரு சிறு போத்தலில் இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா இடுங்கள். மூடியில் துளையிட்டு, சேலைன் ஏற்றும் புதிய குழாய்த் துண்டொன்றைப் பொருத்தி, இடைவெளியை மெழுகினால் அடையுங்கள். தேசிக்காய்ச் சாற்றை அல்லது வினாகிரியை உள்ளே ஊற்றி உடனே மூடினால் நுரைத்துக்கொண்டு வாயு வரும். வாயு போக வழியில்லாமல் எந்தப் போத்தலையும் அடைத்து வைக்கக்கூடாது. குழாயின் மறுநுனி சுண்ணாம்பு நீரில் நிற்கட்டும். சில கணங்களில் நீர் பால்போலாகும். அந்த வெண்மை கரையாத கல்சியம் காபனேற்று; சுண்ணக்கல்லும் சிப்பியும் முட்டைக்கோதும் எதனால் ஆனவையோ அதுவே இது.

பெரும்பாலான பிள்ளைகள் இதோடு நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஆசிரியர் நிறுத்தவில்லை. சுண்ணாம்பு நீரோடு அதேயளவு மழைநீர் கலந்து நீர்த்து, வாயுவைத் தொடர்ந்து செலுத்தச் சொன்னார். அப்பச்சோடாவும் புளியும் இரண்டு தரம் மாற்றவேண்டியிருந்தது. பால்நிறம் மெல்ல மெல்லக் கலைந்து நீர் திரும்பவும் தெளிந்தது. எவரும் எதிர்பார்க்கவில்லை. பின்பு அந்தத் தெளிந்த நீரைத் தகரப் பேணியில் ஊற்றிச் சிரட்டைக்கரி அடுப்பில் கொதிக்கவைத்தார். மீண்டும் கலங்கி வெள்ளையாகியது.

"இதை நீங்கள் ஒவ்வொரு நாளும் காணுறியள்" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. "உங்கட வீட்டுக் கேத்திலுக்குள்ள பாத்திருக்கிறியளா?"

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் கிடக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அந்த மெல்லிய அமிலம் சுண்ணக்கல்லைக் கல்சியம் இருகாபனேற்றாக மாற்றி நீரில் கரைக்கிறது. போத்தலில் பால்நிறம் தெளிந்தது இதனால்தான். பல்லாயிரம் ஆண்டுகளாக இது நிகழ்ந்தபடியால் நிலத்தின் கீழே பிளவுகளும் குகைகளும் உண்டாயின. நிலாவரைக் கிணறும் அப்படி உண்டானதே. அந்நீரைக் கேத்திலில் கொதிக்கவைக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த கல் மறுபடியும் வெள்ளைப் படிவாகிக் கேத்திலில் ஒட்டுகிறது. படிவைச் சுரண்டி அதன்மேல் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைக்கும். அந்த வாயுவைச் சுண்ணாம்பு நீருக்குள் செலுத்தினால் வட்டம் முழுமையாகும். கிணறு, கேத்தில், அப்பாச்சியின் கரண்டகம் மூன்றும் ஒரே பாடத்தின் மூன்று பக்கங்கள் என்று அன்று கண்டேன். அந்தக் கிணறுகளை விட்டுவந்து ஓராண்டாகியிருந்தது.

சவர்க்காரத் துளிகள்

அடுத்தது எண்ணிச் செய்யும் பரிசோதனை. சீவிய பார் சவர்க்காரம் ஒரு தேக்கரண்டியை ஒரு கோப்பை இளஞ்சூட்டு மழைநீரில் கரைத்துக்கொள்ளுங்கள். சலவைத் தூள் இதற்குச் சரிவராது, அது வன்னீரிலும் நுரைக்கும். ஒரே அளவான மூன்று சிறு போத்தல்களில் முறையே மழைநீர், கிணற்றுநீர், பத்து நிமிடம் கொதித்து ஆறித் தெளிந்த கிணற்றுநீர் ஆகியவற்றை ஐந்து மில்லிலீற்றர் வீதம் எடுங்கள். ஒன்றில் ஒரு துளி சவர்க்காரக் கரைசல் விட்டு, மூடிக் குலுக்குங்கள். நுரை ஒரு நிமிடம் நிலைக்கும்வரை துளி துளியாக விட்டு எண்ணுங்கள். மற்ற இரண்டிலும் அப்படியே.

மழைநீருக்குச் சில துளிகள் போதும். கிணற்றுநீர் அதிகம் கேட்கும், நுரைக்குப் பதிலாக அழுக்குப்போன்ற ஆடை மிதக்கும். கொதித்த நீருக்கு எண்ணிக்கை குறைந்தால், குறைந்த பங்கு நாம் மேலே கண்ட கல்சியம் இருகாபனேற்றினால் வந்தது. பாடப்புத்தகம் அதைத் தற்காலிக வன்மை என்கிறது. கொதித்தும் குறையாத மீதி நிலையான வன்மை. ஒவ்வொரு பிள்ளையும் தன் கிணற்று நீரைக் கொண்டுவந்தால் வகுப்பில் ஒரு கிராமத்துக் கிணறுகளின் வரைபடமே கிடைக்கும். துணி தோய்க்கும் தாய்மார் எந்தக் கிணற்றில் சவர்க்காரம் கரைகிறது என்று ஏற்கெனவே அறிவார்கள். பிள்ளைகள் அவர்களிடம் கேட்டு, தமது எண்ணோடு ஒப்பிடட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் பரிசோதனை நீரின் வன்மையை மாத்திரம் சொல்லும். குடிக்க உகந்ததா என்று சொல்லாது. உரமும் மலக்குழியும் காரணமாக யாழ்ப்பாணத் தோட்டப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதிகமென்பது பல ஆய்வுகளில் கண்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்கவைத்தால் அது நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். இதை அறிய முறையான ஆய்வுகூடத்துக்கே நீரை அனுப்பவேண்டும்.

பூவும் மஞ்சளும்

சிவப்புச் செவ்வரத்தம் பூக்கள் ஐந்தாறின் இதழ்களை அரைக் கோப்பை சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து வடித்தால் ஒரு காட்டி கிடைக்கும். தேசிக்காய்ச் சாறு அதைக் கடுஞ்சிவப்பாக்கும். சுண்ணாம்பு நீர் பச்சையாக்கும். மஞ்சள்தூளைச் சிறிது சர்ஜிகல் ஸ்பிரிட்டில், அது இல்லாவிட்டால் சுடுநீரில் கலக்கி, வெள்ளைத்தாளை நனைத்து நிழலில் உலர்த்தி நாடாக்களாக வெட்டினால் இன்னொன்று. காரம் பட்டால் மஞ்சள் செங்கபிலமாகும், அமிலத்தில் மஞ்சளாகவே நிற்கும். ஸ்பிரிட்டை நெருப்புக்கு அண்மையில் எடுக்கவேண்டாம். பாசிச்சாயத்தாள் வாங்கமுடியாத வகுப்புக்கு இவை இரண்டும் போதுமானவை. சாம்பல் நீர், சவர்க்காரம், தயிர், புளி, குரும்பைத் தண்ணீர் என்று பிள்ளைகள் தாமாகவே தேடித் திரிவார்கள், விடுங்கள்.

மருந்து மாத்திரைகள் தீர்ந்தபின் மிஞ்சும் பிளாஸ்திக் அட்டையை எறியவேண்டாம். கழுவி எடுத்தால் அதிலுள்ள பத்துக் குழிகளும் பத்துச் சோதனைக் குழாய்கள். குழிக்கு இரண்டு துளி கரைசல், ஒரு துளி காட்டி. தென்னாபிரிக்காவின் விற்வாற்றஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் இந்த நுண்ணளவு முறைக்கென்றே குழிகளுள்ள சிறிய பிளாஸ்திக் தட்டும் சிறிஞ்சும் அடங்கிய பெட்டிகளை ஆக்கினார்கள். 1990களில் யுனெஸ்கோ அதைப் பல நாடுகளுக்கு எடுத்துச்சென்றது. பொருட்செலவு குறையும் என்பதோடு, சிந்தினாலும் துளியளவே சிந்தும் என்பது பெரிய நன்மை.

யூரியா எங்கே போகிறது?

விவசாயக் குடும்பங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். மூன்று ஜாம் போத்தல்களில் மூன்று விரல் உயரத்துக்கு ஈரமான தோட்டமண் போடுங்கள். முதலாவதில் அரைத் தேக்கரண்டி யூரியாவை மண்ணின்மேல் தூவுங்கள். இரண்டாவதில் அதேயளவை இரண்டு விரல் ஆழத்தில் புதைத்து மண்ணை அமத்துங்கள். மூன்றாவதில் மண் மாத்திரம். மூடிகளின் உட்புறத்தில் நனைத்த மஞ்சள் நாடாவை ஒட்டி மூடுங்கள். காலையும் மாலையும் பார்த்து, நாடா உலர்ந்தால் நனையுங்கள்.

ஒன்றிரண்டு நாட்களில் முதலாவது போத்தலின் நாடா சிவக்கத் தொடங்கும். மூடியைத் திறந்தால் மூக்குக்கும் தெரியும். மண்ணில் இயற்கையாக உள்ள யூரியேசு என்ற நொதியம் யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகிறது. பயிருக்குப் போகவேண்டிய நைதரசன் வாயுவாகக் காற்றில் போகிறது. புதைத்த போத்தலில் அது பிந்தும், அல்லது குறைவாக இருக்கும், ஏனெனில் மண் அதைப் பிடித்துவைக்கிறது. மேட்டுநிலப் பயிருக்கு யூரியாவை இட்டு மண்ணால் மூடி நீர்பாய்ச்சுங்கள் என்று விவசாயப் போதனாசிரியர் சொல்வதன் காரணம் இந்தப் போத்தலில் கிடக்கிறது. 1990களில் வன்னிக்கு யூரியா வரத் தடை இருந்தது. 2021இல் சில மாதங்கள் நாடு முழுவதற்கும் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்த நாட்களைக் கடந்த விவசாயிக்கு ஒரு பிடி யூரியா காற்றோடு போவது என்னவென்று விளக்கத் தேவையில்லை.

கூடவே இன்னொன்று: அமோனியம் சல்பேற்று உரத்தில் சிறிதளவு எடுத்துச் சுண்ணாம்புடன் ஈரமாகக் கலந்தால் அமோனியா உடனேயே கிளம்பும், மஞ்சள் நாடா சிவக்கும். முகத்தை நேரே கொண்டுபோகாமல் கையால் விசிறி மணக்கவேண்டும். இந்த உரத்தோடு சுண்ணாம்பையோ சாம்பலையோ கலந்து வைக்கும் வழக்கம் எங்காவது இருந்தால், அதை நிறுத்தப் பிள்ளையே போதுமான சாட்சி. இரண்டையும் வெவ்வேறு காலத்தில் இடலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்துக் கடையில் விற்கும் ஐதரசன் பேரொட்சைட்டில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டொன்றை இட்டால் ஒட்சிசன் நுரைத்து வரும். தணல் பிடித்த ஈர்க்கை நுரைக்கு மேலே, வாயு சேர்ந்த இடத்தில் பிடித்தால் தணல் பிரகாசிக்கும், சிலவேளை சுவாலையே எழும். ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டென்பதை, அளந்த கடல்நீரைத் தட்டில் காயவைத்து நிறுத்துப் பார்க்கலாம். ஆனையிறவு உப்பளத்தில் நடப்பதும் அதுவே. நீரை மின்பகுப்புச் செய்ய இரண்டு பென்சில் கரிக்கோல்களும் சில டோர்ச் பற்றரிகளும் போதும். ஆனால் நீரில் கறியுப்பைப் போடாதீர்கள், நச்சுத்தன்மையுள்ள குளோரீன் வரும். சலவைச்சோடா போட்டால் ஒரு பக்கம் ஐதரசனும் மறுபக்கம் ஒட்சிசனும் வரும். பற்றரியைப் பிள்ளைகள் உடைக்கக்கூடாது.

தொடக்கூடாதவை

கைப்பரிசோதனை என்றதும் கண்டதையெல்லாம் கலந்து பார்க்கும் ஆசை பிள்ளைக்கு வரும். அதனால் இப்பகுதியைப் பெற்றோர் பிள்ளைக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

காணியிலோ காட்டிலோ கிடக்கும் உலோகத் துண்டு, கோது, தூள் எதையும் தொடக்கூடாது, வகுப்புக்குக் கொண்டுவரக்கூடாது. "செப்பு வேணும்" என்று ஆசிரியர் சொன்னாரென்று ஒரு பையன் பற்றைக்குள் தேடிப் போவது எனக்குப் பெரிய பயம். செப்பு வேண்டுமானால் பழைய மின்கம்பித் துண்டை ஆசிரியரே கொண்டுவரட்டும். கண்டதை அந்த இடத்திலேயே விட்டு, அடையாளம் வைத்து, பெரியவர்களுக்குச் சொல்லவேண்டும்.

கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைத் தேசிக்காய், வினாகிரி முதலிய எந்தப் புளிப்போடும் சேர்க்கக்கூடாது. வரும் வாயு நெஞ்சை அடைக்கும். கிருமிநாசினி இருந்த போத்தல் எத்தனை தரம் கழுவினாலும் பரிசோதனைக்கு உதவாது. உழவு இயந்திரப் பற்றரியின் அமிலம் பிள்ளைகளுக்குரியதல்ல. சிறிஞ்சு புதிதாக வாங்கியதாக இருக்கவேண்டும், ஊசி வேண்டாம். ஜாம் போத்தலை நெருப்பில் வைத்தால் வெடிக்கும், சூடாக்குவதற்குத் தகரப் பேணி. நீறாத சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். ஆகவே ஏற்கெனவே நீறிய வெற்றிலைச் சுண்ணாம்பையே எடுக்கவேண்டும். அதுவும் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. ஒரு வாளி சுத்தமான நீர் எப்போதும் அருகில் இருக்கட்டும். பட்டவுடன் கால்மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்து, பின்பு வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். பரிசோதனையில் எதையும் ருசி பார்க்கக்கூடாது, உணவுப் பொருளாயினும்.

பெற்றோரிடம் கேட்பது சிறிது. சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் பிள்ளைக்கு வேலை சொல்லாதீர்கள். மூடியுள்ள சிறு போத்தல்கள் சிலவற்றையும், பழைய கேத்திலின் படிவையும், உங்கள் கிணற்று நீரையும் கொடுத்தனுப்புங்கள். பிள்ளை கொப்பியில் எழுதிவருவதை வாசிக்கத் தெரியாவிட்டாலும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். "புத்தகத்தில அப்பிடி இருக்கு, எனக்கு அப்பிடி வரேல்லை" என்று சொன்னால் ஏசாதீர்கள். ஏன் வரவில்லை என்று மறுகிழமை திரும்பச் செய்யட்டும். போத்தல் ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பதன் பெயரையும் திகதியையும் எழுதி ஒட்டுங்கள். சுண்ணாம்பு நீர் பார்ப்பதற்குக் குடிநீர்போலவே இருக்கும். கொட்டிலின் வளையில், சின்னப்பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், அதைத் தனியே கட்டித் தொங்கவிடுங்கள்.